கோடு எங்கே விழுகிறது? கரைத்தீவுக் கடலையும் களப்பையும் ஆய்வுப் படங்களில் வாசிப்பது எப்படி

கரைத்தீவு என்றால் பலருக்கும் அம்பாறை மாவட்டத்தில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது மேற்குக் கரையிலுள்ள கரைத்தீவைப் பற்றி. புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கே போனால் களப்பும் கண்டல் காடும் உப்பு மண்ணுமாக விரியும் பகுதி அது. கலா ஓயா வந்து சேரும் கங்கேவாடி பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அப்பால் வில்பத்துக் காடு.

இந்தக் கரையை விஞ்ஞானிகள் பல வருடங்களாக அளந்து வருகிறார்கள். களப்பின் உவர்ப்பு, கண்டலின் பரப்பு, காற்றின் வேகம், கடல் நீரோட்டம் என்று அளந்ததெல்லாம் முதலில் எண்களாகத்தான் இருக்கும். பல ஆயிரம் வரிகள் கொண்ட எண் அட்டவணையைப் பார்த்து எந்த மனிதருக்கும் எதுவும் விளங்காது. அதைக் கண்ணுக்குப் புரியும் படமாக்குவதற்கென்று கணினிக் கருவிகள் இருக்கின்றன. அந்தக் கருவிகளை உருவாக்குவதும், அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதும் இன்று தனியொரு ஆய்வுத்துறை. அதைத் தமிழில் காட்சிப்படுத்தல் என்கிறோம். 1987இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கைக்குப் பிறகு இத்துறை தனக்கென்று பெயரும் ஆய்விதழ்களும் மாநாடுகளும் கொண்டு வளர்ந்தது. மருத்துவர், பொறியியலாளர், கடலியலாளர், வானியலாளர் எல்லோருக்கும் அது பொதுவான துறையாயிற்று.

ஒரு படம் எண்களை அப்படியே காட்டிவிடுவதில்லை. படம் வரைபவர் பல முடிவுகளை எடுக்கிறார். சில முடிவுகளை அவர் அறியாமலே கருவி எடுத்துவிடுகிறது. கரைத்தீவில் வாழ்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் அவருடைய களப்பின் எதிர்காலம் இத்தகைய படங்களை வைத்துத்தான் பேசப்படுகிறது.

உவர்ப்பிலிருந்து தொடங்கலாம். புத்தளம் களப்பு சுமார் 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது, ஆழம் குறைந்தது. கடலோடு அது கலப்பது வடக்குப் பக்கத்தில். கலா ஓயாவும் அந்த வடபகுதியில்தான் வந்து விழுகிறது. மீ ஓயா தெற்கே, புத்தளம் நகர்ப் பக்கம். வெயில் காலத்தில் ஆற்றுநீர் குறைந்து, ஆவியாகிப் போகும் நீர் அதிகமாகும்போது களப்பின் உட்பகுதி கடலைவிட உவர்ப்பாகிவிடுகிறது. 1995இல் ‘ஆம்பியோ’ ஆய்விதழில் அருளானந்தன், ரிட்பெர்க், செடர்லொஃப், விஜேரத்ன ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இந்தக் களப்பை மிகையுவர்ப்புக் கழிமுகம் என்றே அழைத்து, அதற்கும் கடலுக்கும் இடையிலான நீர்ப் பரிமாற்றத்தை ஆராய்ந்தது. களப்புக்கரைக்கு இது புதிய செய்தி அல்ல. உப்பளம் அங்கே பலருக்குத் தொழிலாக இருப்பதே அதனால்தான்.

இனி அளவீடு படமாவதைப் பாருங்கள். படகில் போய் ஓரிடத்தில் அளந்தால் உவர்ப்பு 36 என்றும், ஐந்து கிலோமீற்றர் தள்ளி அளந்தால் 44 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது இரண்டு எண்கள் மட்டுமே. ஆனால் அறிக்கையில் அச்சாகும் வரைபடத்திலோ களப்பு முழுவதும் நிறம் பூசப்பட்டிருக்கும். இடையிலுள்ள இடங்களுக்கு மென்பொருள் கணக்கிட்டு மதிப்பு வைக்கிறது: நடுவே 40, அதற்கு இப்பால் 38, அப்பால் 42 என்று. பெரும்பாலும் இந்தக் கணக்கு பொருந்திவிடும். ஆனால் நடுவில் ஒரு மணற்றிட்டோ ஓடை வாயோ இருந்தால் உண்மை முற்றிலும் வேறாக இருக்கலாம். நல்ல ஆய்வாளர் அளந்த இடங்களைக் கறுப்புப் புள்ளிகளாகப் படத்திலேயே குறித்துவிடுவார். புள்ளிகள் இல்லாத படத்தில் எது அளந்தது, எது ஊகித்தது என்று வாசகரால் பிரித்தறிய முடியாது.

அடுத்தது நிறம். பலர் இதை அலங்காரமாக நினைக்கிறார்கள். நான் இதைத்தான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

வானவில் வரிசை எல்லோருக்கும் பழக்கமானது: குறைந்தது நீலம், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பு. வானிலைப் படங்களிலும் கடல் வெப்பப் படங்களிலும் எங்கும் அதுதான். கண் இந்த நிறங்களை ஒரே சீரான ஏறுவரிசையாக உணர்வதில்லை. மஞ்சள் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரியும். பச்சையில் பெரிய வித்தியாசமும் மங்கிப் போகும். விளைவாக, எண்களில் இல்லாத ஓர் எல்லை படத்தில் தோன்றும். எண்களில் உள்ள எல்லை படத்தில் மறைந்தும் போகும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உள்ளவருக்கு (ஆண்களில் இக்குறை அதிகம்) படம் பாதி பயனற்றது. போர்லண்ட், டெய்லர் என்ற இருவர் 2007இல் இதைக் கண்டித்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். வானவில் வரிசை இன்னமும் தீங்கானதாகவே இருக்கிறது என்பதுதான் அதன் தலைப்பின் சாரம்.

இந்தக் கவலை வெறும் ரசனை சார்ந்ததா என்று கேட்பவருக்கு ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டைச் சேர்ந்த மிஷெல் போர்கினும் அவருடைய குழுவினரும் 2011இல் இதய நாளங்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். நாளத்தின் எந்த இடத்தில் நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் காட்டும் படங்கள் அவை. மருத்துவம் பயில்பவர்களுக்கு அவற்றைக் கொடுத்து, ஆபத்தான இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முப்பரிமாண உருவில், வானவில் நிறத்தில் காட்டியபோது அவர்கள் கண்டுபிடித்தது 39 சதவீதம். அதே தரவைத் தட்டையாக விரித்து, நிறத்தை மாற்றாமல் காட்டியபோது 62 சதவீதம். கண்ணுக்கேற்ற வேறு நிற வரிசையையும் சேர்த்ததும் 91 சதவீதம். நோயாளி அதே நோயாளி, அளவீடும் அதே அளவீடு. மாறியது படம் வரைந்த முறை மட்டுமே.

இந்த இடத்தில் கருவிகளின் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். உலகெங்கும் ஆய்வாளர்கள் வரைபடம் வரையப் பயன்படுத்தும் ‘மேட்பிளாட்லிப்’ என்ற இலவசக் கருவியை ஜோன் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கினார். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக அவர் தொடங்கிய வேலை அது. 2003இல் பொதுப் பயனுக்கு வந்தது. நீங்கள் நிறம் எதையும் சொல்லாவிட்டால் அக்கருவி தானாகவே வானவில் வகை வரிசை ஒன்றைப் பூசிவந்தது. கண்ணுக்குச் சீராகத் தெரியும்படி வடிவமைத்த ‘விரிடிஸ்’ என்ற கருநீலம்–பச்சை–மஞ்சள் வரிசை அதன் இடத்துக்கு வந்தது 2017இல்தான். இடைப்பட்ட வருடங்களில் எத்தனையோ ஆய்வேடுகள், தம் நிறத்தை எவரும் தேர்ந்தெடுக்காமலே அச்சேறின. களப்பு பற்றிய பழைய அறிக்கை ஒன்றைப் புரட்டும்போது சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் ஆபத்து என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்திலுள்ள அளவுப் பட்டையை முதலில் பாருங்கள்.

நிறத்துக்கு அடுத்தபடி கோடு. எத்தனைக்கு மேல் போனால் அதிக உவர்ப்பு? எத்தனை பச்சை இருந்தால் காடு? எங்கோ ஓரிடத்தில் ஒரு கோட்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும். இதற்கான மிகப் புகழ்பெற்ற முறையும் 1987ஆம் ஆண்டையே சேர்ந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் லோரன்சன், கிளைன் இருவரும் ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பை மட்டும் முப்பரிமாண உருவாகப் பிரித்தெடுக்க ஒரு வழி கண்டார்கள். ஒரு மதிப்பைச் சொன்னால் போதும், அந்த மதிப்புள்ள இடங்களையெல்லாம் இணைத்து ஒரு மேற்பரப்பைக் கணினி கட்டித் தரும். ஒரு மதிப்புக்குத் தோல் தெரியும். இன்னொரு மதிப்புக்கு எலும்பு தெரியும். பின்னாளில் இந்த மரபிலிருந்தே ‘வி.டி.கே’ என்ற இலவச நிரல்தொகுதியும் அதன்மேல் ‘பராவியூ’ என்ற மென்பொருளும் வந்தன. விமான இறக்கையைச் சுற்றும் காற்றையும் பாலத்தின் மீதான அழுத்தத்தையும் இன்று அவற்றில் பார்க்கிறார்கள்.

எலும்பைக் காட்டிய முறை கடலையும் காட்டும். இதற்கு நம் கடலிலேயே நல்ல உதாரணம் உண்டு. அரபிக் கடல் உவர்ப்பு அதிகமானது, ஏனெனில் அங்கே மழையும் ஆறும் தருவதைவிட ஆவியாவது அதிகம். கங்கை, பிரமபுத்திரா போன்ற ஆறுகள் கொட்டும் வங்காள விரிகுடாவின் மேற்பரப்போ உவர்ப்புக் குறைந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு பெரிய நீரோட்டம் இலங்கையின் தெற்கே கிழக்கு நோக்கி ஓடி, பிறகு வடக்கே வளைந்து விரிகுடாவுக்குள் நுழைகிறது. அதோடு அரபிக் கடலின் உவர்நீரும் போகிறது. உவர்நீர் கனமானது, ஆகவே விரிகுடாவின் நன்னீர் கலந்த மேற்பரப்புக்குக் கீழே அது இறங்கிவிடும். செய்மதி பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. கீழே போகும் நீரைக் கப்பலாலும், தானே மூழ்கி எழும் சிறு கருவிகளாலும், கணினி மாதிரியாலும்தான் பின்தொடர முடியும். 2016இல் இந்திய, பிரித்தானிய விஞ்ஞானிகள் சிந்து சாதனா என்ற ஆய்வுக் கப்பலில் போய் இதை அளந்தார்கள்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கடலியலாளர் பி. என். வினயச்சந்திரனும் கணினி விஞ்ஞானி விஜய் நடராஜனும் தம் குழுவினரோடு சேர்ந்து இந்த உவர்நீரின் பயணத்தைப் படமாக்கும் முறைகளை வகுத்தார்கள். 2022இல் வந்த அவர்களுடைய ஆய்வு, உவர்ப்பு 35க்கு மேலுள்ள நீரை ஒரு முப்பரிமாண உருவாகப் பிரித்து, அதன் முன்விளிம்பு நாளுக்கு நாள் எங்கே நகர்கிறது, எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று தொடர்ந்தது. மறு வருடம் ‘பைபராஓஷன்’ என்ற பெயரில், பராவியூவோடு இணைந்து வேலை செய்யும் கடலியல் தொகுதியையும் வெளியிட்டார்கள். நீரோட்டக் கோடு, சுழல், உவர்ப்பு விளிம்பு எல்லாவற்றையும் கடலியலாளர் தாமே அதில் இயக்கிப் பார்க்கலாம். கணினிக்காரர் ஒரு பக்கம், கடலியலாளர் மறுபக்கம் என்று பிரிந்திருக்காமல் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை இது. இத்துறையின் சிறந்த ஆய்வுகள் பெரும்பாலும் அப்படியே பிறந்திருக்கின்றன.

35 என்று கோடு போட்டதற்கு இங்கே கடலியல் காரணம் இருக்கிறது. கோட்டைச் சற்று நகர்த்தினால் உருவத்தின் பருமனும் கிளைகளும் மாறும் என்பதும் அந்த ஆய்வாளர்களுக்குத் தெரியும். களப்புக்கு வருவோம். இங்கே கோடு நகர்ந்தால் மாறுவது ஒரு கிராமத்தின் கணக்கு.

1980களில் புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகத் தொடங்கின. 1990களில் வெண்புள்ளி நோய் பரவி, பல பண்ணைகள் அழிந்தன. பண்ணைக்காக எவ்வளவு கண்டல் போயிற்று என்பதைச் செய்மதிப் படங்களின் உதவியோடு ஆராய்ந்தவர்கள் உண்டு. எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹக்ஸ்ஹாம், ருகுணுப் பல்கலைக்கழகத்தின் எல். பி. ஜயதிஸ்ஸ ஆகியோர் அடங்கிய குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. பண்ணைகள் பன்மடங்கு பெருகியதையும், கண்டலும் உவர்ச் சதுப்பும் சுருங்கியதையும், பிறகு பெருந்தொகையான குளங்கள் கைவிடப்பட்டதையும் காட்டி, அதனால் இழந்த கார்பன் சேமிப்பையும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

இத்தகைய வரைபடம் எப்படி உருவாகிறது? பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும், சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு சுட்டெண் கிடைக்கும்: அடர்ந்த பசுமைக்கு ஒன்றை நெருங்கும், வெறும் மண்ணுக்குப் பூச்சியத்துக்குச் சற்று மேல் நிற்கும், நீருக்குப் பெரும்பாலும் அதற்கும் கீழே போகும். முதல் லேண்ட்சாட் செய்மதி 1972இல் ஏவப்பட்டது. 2008இலிருந்து அதன் படங்கள் எல்லோருக்கும் இலவசம். 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் சென்டினல்–2 அதைவிட நுணுக்கமானது.

நுணுக்கம் என்பதை விளங்கிக்கொள்ள வலையை நினைத்துக்கொண்டால் போதும்: வலைக்கண்ணைவிடச் சிறிய மீன் நழுவிவிடும். லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். சென்டினலுக்கு 10க்கு 10. கரையோரமாக இரண்டு மூன்று மர வரிசையாக நிற்கும் கண்டல், லேண்ட்சாட் கட்டத்தில் நீரோடும் சேற்றோடும் கலந்து ஒரே மங்கல் எண்ணாகிவிடும். அந்த எண் கோட்டுக்குக் கீழே விழுந்தால், வரைபடத்தில் அங்கே கண்டல் இல்லை. இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்குவதோ அந்த ஒடுங்கிய ஓரத்திலும்தான்.

திகதியும் அதேயளவு முக்கியம். வடகீழ்ப் பருவமழை முடிந்த தைமாதப் படத்தில் புதர்க்காடு, வில்பத்துப் பக்கத்துக் காடு, கண்டல் எல்லாமே பச்சை. ஒன்றையொன்று பிரிப்பது கடினம். ஆவணியில் புதர் வாடிப்போயிருக்கும், கண்டல் மட்டும் பசுமையாக நிற்கும். பிரித்தறிய அதுவே நல்ல காலம். கைவிட்ட இறால் குளமோ மழைக்காலப் படத்தில் நீர் நிறைந்து இயங்கும் பண்ணைபோலவே தெரியும், வெயில் காலத்தில் வெடித்த உப்புச் சேறாகத் தெரியும். பத்து வருட இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிட்டுக் கண்டல் குறைந்தது அல்லது கூடியது என்று சொல்பவர், இரண்டும் ஒரே பருவத்தில் எடுத்தவையா என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு தரையில் இறங்கிச் சரிபார்த்தாரா என்றும் சொல்ல வேண்டும். எந்தக் குளம் எந்த வருடம் கைவிடப்பட்டது என்பதைச் செய்மதியைவிட ஊர்க்காரர் நன்றாகச் சொல்வார். அவரிடம் கேட்டுத் திருத்திய வரைபடத்தையே நான் நம்புவேன்.

பொறியியல் படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுகூடம் 2003இல் இலங்கைக்கும் மாலைதீவுக்குமாக ஒரு காற்று வள வரைபடம் தயாரித்தது. கற்பிட்டித் தீபகற்பம் அதில் நல்ல காற்றுள்ள இடங்களில் ஒன்றாகத் தெரிந்தது. சில வருடங்களில் அங்கே காற்றாலைகள் எழுந்தன. காற்று எவ்வளவு என்பதை மட்டுமே அந்தப் படம் சொன்னது. எங்கே கரைவலை இழுக்கிறார்கள், எங்கே வாடி போடுகிறார்கள் என்று அது சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் அல்ல. முதலீடு பேசும் கூட்டத்தில் மேசைமேல் அந்த ஒரு படம் மட்டும் இருந்தால், மற்றவை இல்லாதது போலாகிவிடும்.

கடைசியாக, நிச்சயமின்மை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்–பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின; புத்தளம் மாவட்டக் கரையும் தப்பவில்லை. அவை எங்கே போகும் என்பதை, சரித பட்டியாராச்சி உள்ளிட்ட கடலியலாளர்கள் கணினியில் கணக்கிட்டு அசையும் படங்களாக வெளியிட்டார்கள். கடலின் மீது புள்ளிகள் கூட்டமாக நகரும் அத்தகைய படத்தைப் பார்ப்பவர், ஒவ்வொரு புள்ளியும் கண்டறிந்த ஒரு மணி என்று நினைத்துவிடக்கூடும். அவை காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணக்கிட்ட சாத்தியமான பாதைகள். புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் வாய்ப்பு அதிகம், சிதறிய இடத்தில் குறைவு. புள்ளியே இல்லாத கரைக்கு ஒன்றும் வராது என்று எவரும் உறுதி தரவில்லை. நிச்சயமின்மையை எப்படி வரைந்தால் மக்கள் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்பது இத்துறையில் இன்னமும் முழுதாகத் தீராத கேள்வி. மெல்லிய ஒரே கோடாகப் பாதையைக் காட்டினால் மிகையான நம்பிக்கை வருகிறது. மங்கலான பெரும் வட்டமாகக் காட்டினால், ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவையும் கரைத்தீவில் இருந்தபடியே செய்து பார்க்கலாம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் விஷயம். செய்மதிப் படம் இலவசம். அதைத் திறந்து கட்டம் கட்டமாக ஆராயும் ‘கியூஜிஐஎஸ்’ இலவசம். மேட்பிளாட்லிப், பராவியூ இரண்டும் இலவசம். உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி, ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணையமும் இருந்தால், தன் ஊர்க் கண்டலின் ஆவணி மாதப் படங்களை 2016இலிருந்து வரிசையாக எடுத்து ஒப்பிடலாம். பிறகு தன் தந்தையோடு தோணியில் போய் எது சரி, எது பிழை என்று குறித்துவரலாம். பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கிடைக்காத வசதி அந்த இரண்டாவது பகுதி. பாடசாலை ஆசிரியர்கள் இதை ஒரு வருடச் செயற்றிட்டமாக எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். களப்பிலோ கரையிலோ பெரிய திட்டம் ஒன்று வரும்போது, சட்டப்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராகும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த அறிக்கையின் பக்கங்களில் வண்ணப் படங்கள் நிறைய இருக்கும். எந்த மாதம் எடுத்தது, எங்கெங்கே அளந்தது, ஒரு கட்டம் எத்தனை மீற்றர், கோடு எந்த எண்ணில் விழுகிறது, அந்த எண்ணைத் தேர்ந்தது ஏன், தரையில் யாரிடம் கேட்டுச் சரிபார்த்தது என்று எழுத்தில் கேளுங்கள். மீனவர் சங்கத்தின் பெயரில் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், 30 நாட்கள் முடிவதற்குள்.